இசை வரலாற்றில் இன்று: ஒரே கலைஞருக்கு ஏன் இரண்டு பிறந்தநாள்?

இளையராஜாவின் பிறந்தநாள் ஜூன் 2 என்று ஒரு பதிவு சொல்லும், ஜூன் 3 என்று இன்னொன்று சொல்லும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பிறந்தநாளைத் தேடினால் மார்ச் 21 வரும். கொஞ்சம் தோண்டினால் மார்ச் 31-உம் வரும். ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவுக்கு ஏப்ரல் 1, ஏப்ரல் 2 என்று இரண்டு. அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கதை இன்னும் மோசம், வருடமே மாறுகிறது. 'இசை வரலாற்றில் இன்று' என்ற தலைப்பில் வரும் பட்டியல்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகிப்போன குழப்பம். யாரோ தேதியைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பல நேரம் இரண்டு தேதியுமே சரியாக இருக்கும். எந்தத் தாளைப் பார்த்து, எந்த நாள்காட்டியில், எந்த ஊர் நேரப்படி எழுதினார்கள் என்பதுதான் மாறியிருக்கும்.

மே 7: ஐந்து வரிகள், மூன்று விதமான தேதிகள்

மே 7-க்கான பட்டியல் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். வழக்கமாக இப்படி இருக்கும்:

1. 1824: பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி வியன்னாவில் முதன்முறையாக வாசிக்கப்பட்டது.
2. 1825: இசையமைப்பாளர் சலியேரி வியன்னாவில் காலமானார்.
3. 1833: பிராம்ஸ் ஹாம்பர்க்கில் பிறந்தார்.
4. 1840: சைக்கோவ்ஸ்கி ரஷ்யாவின் வோட்கின்ஸ்க்கில் பிறந்தார்.
5. 1861: தாகூர் கொல்கத்தாவில் பிறந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதி இசையமைத்தவர் என்பதால் இசைப் பட்டியலில் அவருக்கு நிச்சயம் இடமுண்டு.

பார்க்க ஒரே மாதிரி ஐந்து வரிகள். முதல் மூன்றில் சிக்கலில்லை. அந்த ஊர்க்காரர்கள் அன்று சுவரில் பார்த்த தேதியும் மே 7-தான். நான்காவது அப்படியில்லை. சைக்கோவ்ஸ்கி பிறந்த அன்று ரஷ்யாவில் யாரைக் கேட்டிருந்தாலும் ஏப்ரல் 25 என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஐந்தாவது இன்னும் தள்ளி நிற்கிறது. வங்காளிகளுக்குத் தாகூர் பிறந்தது 1268-ஆம் வங்க ஆண்டின் வைசாக மாதம் 25-ஆம் நாள். மே 7 என்பது அதன் ஆங்கிலப் பெயர்ப்பு.

இனி, இந்த வித்தியாசங்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தாள் சொல்வது: பிறந்தநாளா, ஞானஸ்நான நாளா?

இன்றைய பிறப்புச் சான்றிதழ் என்பது அரசு தரும் தாள். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரும்பாலும் அப்படி ஒன்று கிடையாது. குழந்தை பிறந்ததற்கான ஆதாரம் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுதான். தேவாலயத்துக்குக் குழந்தை பிறந்த நேரத்தைவிட அதற்குத் திருமுழுக்குக் கொடுத்த நாள் முக்கியம். அதனால் பல பதிவேடுகளில் பிறந்த தேதி என்ற கட்டமே இருக்காது.

பீத்தோவன் விஷயம் இதுதான். பான் நகரத் தேவாலயப் பதிவேட்டில் இருப்பது 1770 டிசம்பர் 17, அதுவும் ஞானஸ்நான நாள். பிறந்த அடுத்த நாளே ஞானஸ்நானம் கொடுப்பது அந்தப் பகுதி வழக்கம் என்பதால் டிசம்பர் 16 என்று கணக்கிடுகிறார்கள். அதாவது உலகமே கொண்டாடும் அந்தத் தேதி ஒரு நல்ல ஊகம், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, பீத்தோவனே தன் வயதை நம்பவில்லை. 1778 மார்ச்சில் கொலோன் நகரில் அவரை மேடையேற்றியபோது அப்பா வெளியிட்ட அறிவிப்பு பையனுக்கு ஆறு வயது என்றது. உண்மையில் ஏழு முடிந்திருந்தது. அந்தக் கணக்கு மனதில் பதிந்துபோனது. 1810-இல் பானில் இருந்த நண்பர் வெகெலருக்கு எழுதி, தன் ஞானஸ்நானச் சான்றைக் கேட்டார். எனக்கு முன்னால் லுட்விக் மரியா என்று ஒரு அண்ணன் பிறந்து இறந்துபோனான், அவனுடைய தாளை எடுத்துவிடாதே என்று எச்சரிக்கையும் செய்தார். அண்ணன் இருந்தது உண்மை. 1769 ஏப்ரலில் ஞானஸ்நானம் பெற்று, ஆறே நாளில் இறந்த குழந்தை. வந்து சேர்ந்த சான்றில் இருந்ததோ 1770 டிசம்பர். அது இவருடையதேதான். ஆனாலும் மனிதர் ஒப்புக்கொள்ளவில்லை. தான் 1772-இல் பிறந்ததாகவே வைத்துக்கொண்டார். சம்பந்தப்பட்டவர் சொன்னால் அதுவே கடைசி வார்த்தை என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல எதிர் உதாரணம்.

ஷோபான் கதை இதற்கு நேர் எதிர். தேவாலயப் பதிவேடு 1810 பிப்ரவரி 22 என்கிறது. குடும்பமும் அவரும் கொண்டாடியது மார்ச் 1. பதிவேடு எழுதப்பட்டது ஞானஸ்நான நாளான ஏப்ரல் 23 அன்று, அதாவது பிறந்து எட்டு வாரம் கழித்து. அந்த இடைவெளியில் தேதி தவறியிருக்கலாம் என்பது குடும்பத்தின் பக்கம் நிற்பவர்கள் வாதம். மொத்தத்தில், குழந்தை பிறந்த மறுநாள் எழுதிய தாளுக்கும் இரண்டு மாதம் கழித்து எழுதிய தாளுக்கும் ஒரே மரியாதை கொடுக்க முடியாது.

விவால்டிக்கு இரண்டு முறை ஞானஸ்நானம் நடந்தது. 1678 மார்ச் 4 அன்று வெனிஸில் பிறந்தவுடன், உயிருக்கு ஆபத்து என்று மருத்துவச்சியே வீட்டில் கொடுத்துவிட்டார். அன்றைக்கு வெனிஸில் நிலநடுக்கமும் வந்திருந்தது. முறையான சடங்கு மே 6-இல்தான் தேவாலயத்தில் நடந்தது. இந்தப் பதிவு ஆராய்ச்சியாளர் கைக்கு வந்ததே 1960-களில். அதற்கு முன் எழுதப்பட்ட நூல்களில் அவர் பிறந்த ஆண்டே ஊகம்தான். மொசார்ட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1756 ஜனவரி 27 அன்று பிறந்தார், அது புனித யோவான் கிறிசோஸ்தோமின் திருநாள், ஆகவே ஞானஸ்நானப் பெயரின் முதல் இரண்டு சொற்கள் யோவான்னஸ் கிறிசோஸ்தோமஸ். பெயருக்குள்ளேயே தேதி இருக்கிறது.

ஹைடன் விஷயத்தில் கொஞ்சம் குறும்பும் கலந்திருக்கிறது. 1732 ஏப்ரல் 1 அன்று ஞானஸ்நானம் நடந்தது. பிறந்தநாள் மார்ச் 31 என்று இன்று ஏற்கப்படுகிறது. ஆனால், ஏப்ரல் முட்டாள் என்று யாரும் கேலி செய்துவிடக் கூடாது என்பதால் தம்பி மிகயேல்தான் மார்ச் 31 என்று சொல்லிவருகிறான் என்பது ஹைடனே சொன்னதாக வழங்கும் கதை.

ஆம்ஸ்ட்ராங் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்றே கடைசி வரை சொல்லிவந்தார். அமெரிக்கச் சுதந்திர தினம், நூற்றாண்டின் விளிம்பு, இரண்டும் சேர்ந்த தேதி. 1971 ஜூலை 6 அன்று அவர் இறந்தபோது உலகம் 71 வயது என்று எழுதியது. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் தேவாலயப் பதிவேடு ஒன்று கிடைத்தது: பிறப்பு 1901 ஆகஸ்ட் 4, ஞானஸ்நானம் ஆகஸ்ட் 25. இறக்கும்போது அவருக்கு 70 கூட ஆகவில்லை. ஜூலை 4 இன்னும் பல பட்டியல்களில் உயிரோடு இருக்கிறது.

நாள்காட்டி சொல்வது: ஜூலியன், கிரெகோரியன்

ஒரே நாளுக்கு இரண்டு தேதி வருவதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான், அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

சூரியனை ஒருமுறை சுற்ற பூமிக்குச் சுமார் 365.2422 நாள் ஆகிறது. ஜூலியன் நாள்காட்டி நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் ஆண்டு வைத்து 365.25 என்று கணக்கிட்டது. ஆண்டுக்குப் 11 நிமிடம் அதிகம். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் சுமார் 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். 16-ஆம் நூற்றாண்டில் பிசகு பத்து நாளாக வளர்ந்திருந்தது. போப் கிரெகோரி 13 அதைச் சரிசெய்தார். 1582 அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. இனிப் பிசகக் கூடாது என்று இன்னொரு விதியும் வந்தது: நூறால் வகுபடும் ஆண்டு, 400-ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. எனவே 1700, 1800, 1900 மூன்றுக்கும் பிப்ரவரி 29 கிடையாது, 2000-க்கு உண்டு.

போப் சொன்னதால் கத்தோலிக்க நாடுகள் உடனே மாறின. மற்றவர்கள் அவரவர் வேகத்தில்:

1. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700-இல் மாறின. பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1.
2. பிரிட்டன் 1752-இல் மாறியது. செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14.
3. ரஷ்யா 1918-இல். ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14.

பாக் ஐசனாக் நகரில் 1685 மார்ச் 21 அன்று பிறந்தார். அது புராட்டஸ்டன்ட் ஊர், ஜூலியன் தேதி. புதிய (கிரெகோரியன்) கணக்கில் மார்ச் 31. இறந்தது 1750 ஜூலை 28, அது புதிய கணக்கு. ஆக, கலைக்களஞ்சியங்களில் அவர் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தேதிகளும் வெவ்வேறு நாள்காட்டியைச் சேர்ந்தவை. இதைச் சொல்லாமலே அச்சிடுகிறார்கள்.

ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இசையமைப்பாளர் ஹாண்டெல் இன்னும் ஒரு படி மேலே. பிறந்தது ஹாலே நகரில் 1685 பிப்ரவரி 23, ஜூலியன். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் உள்ள அவருடைய நினைவுச்சின்னத்திலோ 1684 என்று கல்லில் வெட்டியிருக்கிறது. கல்தச்சர் மேல் பழி போட வேண்டாம். இங்கிலாந்தில் 1752 வரை புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல். பிப்ரவரி என்பது பழைய ஆண்டின் கடைசிப் பகுதி. அந்தக் கணக்கில் நம்முடைய 1685 பிப்ரவரி அவர்களுக்கு இன்னும் 1684-தான். இதன் விளைவு பெரியது. 1784-இல் அதே அபேயில் மாபெரும் ஹாண்டெல் நினைவு விழா எடுத்தார்கள், பிறந்து நூறாண்டு, இறந்து 25 ஆண்டு என்று. இறந்த ஆண்டு 1759, அது சரி. நூற்றாண்டு விழா மட்டும் ஓராண்டு முந்திவிட்டது.

இப்போது ரோசினியைப் பார்க்க வேண்டும். 1792 பிப்ரவரி 29 அன்று பிறந்தவர். முதல் 'சரியான' பிறந்தநாள் 1796. அடுத்தது 1800-இல் வந்திருக்க வேண்டும். வரவில்லை, 1804 வரை எட்டு ஆண்டு காத்திருந்தார். 1868 நவம்பரில் இறக்கும் வரை மொத்தம் 18 முறைதான் அவருக்குப் பிப்ரவரி 29 வாய்த்தது. ரோசினியிடமிருந்து 1800 பறித்துக்கொண்ட அந்த ஒரு நாள்தான் ரஷ்யாவுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் இடையிலான இடைவெளியையும் கூட்டியது. ஜூலியன் நாள்காட்டியில் 1800 லீப் ஆண்டு, கிரெகோரியனில் இல்லை. ஆகவே 11 நாளாக இருந்த வித்தியாசம் 12 ஆனது. 1900-இல் இதேபோல் 13 ஆனது.

இந்த 12, 13 கணக்கு தெரிந்தால் ரஷ்ய இசையமைப்பாளர்களின் குழப்பம் முழுவதும் விலகும்.

சைக்கோவ்ஸ்கி: 1840 ஏப்ரல் 25, அதோடு 12, மே 7. 1888 புத்தாண்டு நாளில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அவர் பிராம்ஸைச் சந்தித்தார். ஒரே பிறந்தநாள் கொண்ட இருவர். பிராம்ஸின் காலண்டரில் ஜனவரி 1. சைக்கோவ்ஸ்கியின் ஊர்க் காலண்டரில் இன்னும் 1887 டிசம்பர் 20.

ரக்மானினோவ்: 1873 மார்ச் 20. பிறந்தது 19-ஆம் நூற்றாண்டில் என்பதால் 12 கூட்டினால் ஏப்ரல் 1. ஆனால் அவர் நாட்டை விட்டு வெளியேறியது 20-ஆம் நூற்றாண்டில். அப்போது பழைய மார்ச் 20 என்பது புதிய ஏப்ரல் 2-இல் வந்தது. அவர் ஏப்ரல் 2-ஐயே பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். ஸ்ட்ராவின்ஸ்கியும் அப்படியே. 1882 ஜூன் 5 பழைய கணக்கு. சரியான மாற்றம் ஜூன் 17. அவர் கொண்டாடியது ஜூன் 18.

இங்கே இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. அந்த நாளில் பூமி சுற்றுப்பாதையில் எங்கே இருந்தது என்று கேட்டால் ஏப்ரல் 1, ஜூன் 17. 'பழைய காலண்டரில் என் பிறந்தநாள் இந்த வருடம் என்றைக்கு வருகிறது' என்று கேட்டால் ஏப்ரல் 2, ஜூன் 18. கலைக்களஞ்சியம் முதலாவதைத்தான் எழுத வேண்டும், வரலாற்றுக்கு அதுதான் ஒழுங்கு. கேக் வெட்டுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஷோஸ்டகோவிச் 1906-இல் பிறந்ததால் தப்பித்தார்: செப்டம்பர் 12, அதோடு 13, செப்டம்பர் 25, முடிந்தது.

சைக்கோவ்ஸ்கிக்குத் தேதியை மாற்றுகிறோம், பாக்குக்கு ஏன் மாற்றுவதில்லை? நேர்மையாகச் சொன்னால் வலுவான காரணம் எதுவும் இல்லை. ரஷ்யா 1918 வரை பழைய கணக்கில் இருந்ததால் அண்டை நாடுகளோடு ஒப்பிட்டு எழுத மாற்றம் தேவைப்பட்டது. பாக் காலத்து ஜெர்மனிக்கு யாரும் அவ்வளவு சிரமப்படவில்லை. பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

பஞ்சாங்கம் சொல்வது

மேலே பார்த்த இரண்டுமே சூரிய நாள்காட்டிகள். இந்திய இசை வரலாற்றில் வேறு கணக்குகளும் குறுக்கே வருகின்றன.

வங்காளத்தின் வைசாகம், தமிழின் சித்திரை, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. நட்சத்திரங்களை வைத்துச் சூரியனின் இடத்தைக் கணக்கிடும் மாதங்கள் இவை. இந்த ஆண்டு கிரெகோரியன் ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். அதனால் அறுபது எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் மெல்ல முன்னே நகர்கிறது. 1861-இல் மே 7-இல் வந்த வைசாகம் 25, இப்போது மேற்கு வங்கத்தில் பெரும்பாலும் மே 9-இலும் சில ஆண்டுகளில் மே 8-இலும் வருகிறது. வங்கதேசம் தன் நாள்காட்டியைச் சீர்திருத்தி, வைசாகம் 1 எப்போதும் ஏப்ரல் 14 என்று பூட்டிவிட்டது. அங்கே தாகூர் பிறந்தநாள் எப்போதும் மே 8. ஆக, மே 7, 8, 9 மூன்றுமே தாகூர் பிறந்தநாள்தான்.

திதி இதைவிட வேகமாக அலையும். சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. சந்திர மாதம் சுமார் 29.5 நாள், அதில் 30 திதிகள். எனவே ஒரு திதி சராசரியாக ஒரு நாளைவிடக் கொஞ்சம் குறைவு. பகல் நடுவில் தொடங்கி மறுநாள் பகலில் முடியும். சந்திர ஆண்டுக்கு 354 நாள் என்பதால் ஆண்டுதோறும் 11 நாள் பின்வாங்கி, அதிக மாதம் (கணக்கைச் சரிசெய்யக் கூடுதலாகச் சேர்க்கும் மாதம்) வந்ததும் ஒரே தாவில் முன்னே போகும். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது அந்த மாதத்துத் தேய்பிறை ஐந்தாம் நாளில். ஆங்கிலத் தேதி ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையே ஆடிக்கொண்டிருக்கும். 1835 தீபாவளியன்று மறைந்த முத்துசுவாமி தீட்சிதருக்கு நினைவுநாள் தீபாவளியோடே நகர்கிறது. இவர்களை 'ஜனவரி 6', 'அக்டோபர் 21' என்று பட்டியலில் அடைப்பது தவறில்லை. ஆனால் அன்றைக்கு ஆராதனை என்று எழுதினால் தவறு.

மனிதர் சொல்வது: நகர்த்தி வைத்த பிறந்தநாள்

இப்போது ஜூன் 2-க்குத் திரும்பலாம். இளையராஜா 1943 ஜூன் 3 அன்று பிறந்தவர். அவருக்கு 'இசைஞானி' பட்டம் தந்த மு. கருணாநிதியின் பிறந்தநாளும் ஜூன் 3. அந்த நாள் அவருக்கே இருக்கட்டும் என்று இளையராஜா தன் கொண்டாட்டத்தை ஒரு நாள் முன்னே வைத்துக்கொண்டார். இதில் நாள்காட்டியும் இல்லை, பதிவேடும் இல்லை. பிறந்த தேதி ஜூன் 3, பிறந்தநாள் விழா ஜூன் 2. வாழ்த்துச் சொல்ல ஜூன் 2, வாழ்க்கைக் குறிப்பு எழுத ஜூன் 3.

மைல்கற்கள்: எந்தக் கட்டத்தை 'அந்த நாள்' என்பது?

மனிதர் ஒருமுறைதான் பிறக்கிறார். கண்டுபிடிப்பும் இசைத்தட்டும் அப்படிப் பிறப்பதில்லை. எடிசனின் போனோகிராஃப் கருவியை எடுத்துக்கொண்டால், ஒரே ஆண்டுக்குள் இத்தனை தேதிகள்:

1. 1877 ஜூலை: குரலைச் சேமித்துத் திரும்ப ஒலிக்க வைக்கலாம் என்ற குறிப்பை ஆய்வகத்தில் எழுதுகிறார்.
2. ஆகஸ்ட் 12: கருவியின் படத்தை வரைந்து, இதைச் செய் என்று உதவியாளர் குரூசிக்கு எழுதிக் கொடுத்ததாக நெடுங்காலம் சொல்லப்பட்ட நாள்.
3. டிசம்பர் 4 முதல் 6 வரை: குரூசி கருவியைச் செய்து முடிக்கிறார்.
4. டிசம்பர் 7: நியூயார்க்கில் ஓர் அறிவியல் இதழின் அலுவலகத்தில் செய்துகாட்டல்.
5. டிசம்பர் 24: காப்புரிமை விண்ணப்பம்.
6. 1878 பிப்ரவரி 19: காப்புரிமை எண் 200,521 வழங்கப்படுகிறது.

இரண்டாவது தேதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அந்தத் தாள் இருக்கிறது. படம் இருக்கிறது. 'ஆகஸ்ட் 12, 77' என்ற எழுத்தும் இருக்கிறது. ஆனால் அந்தத் தேதி பல பத்தாண்டுகள் கழித்து, நினைவிலிருந்து தாளில் சேர்க்கப்பட்டது என்பது ஆய்வில் தெரிந்தது. எடிசனின் இன்னோர் உதவியாளருடைய நாட்குறிப்பு டிசம்பரைத்தான் காட்டுகிறது. ஆகஸ்ட் 12 இன்றும் பல பட்டியல்களில் 'போனோகிராஃப் பிறந்த நாள்' என்று வருகிறது.

ஒலிப்பதிவிலேயே இன்னும் விசித்திரமான ஒன்று உண்டு. எடிசனுக்கு முன்பே பிரான்சின் எதுவார்-லெயோன் ஸ்காட் என்பவர் ஒலியலைகளைக் கரி படிந்த தாளில் கோடாகப் பதியவைத்தார். திரும்ப ஒலிக்கச் செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. 1860 ஏப்ரல் 9 அன்று பதிந்த ஒரு நாட்டுப்பாடலின் சில நொடிகளை 2008-இல் கணினி வழியாக ஒலிக்க வைத்தார்கள். முதலில் சிறுமியின் குரல்போலக் கேட்டது. வேகத்தைப் பாதியாக்கியதும் ஆண்குரல். அநேகமாக ஸ்காட்டின் குரலே. இந்தப் பாட்டு எந்த ஆண்டுக்குரியது? பதிந்தது 1860, முதன்முதலில் யார் காதிலாவது விழுந்தது 2008.

இசைத்தட்டு வெளியீடுகளில் சிக்கல் சற்று எளிது. பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' தொகுப்புக்கு 1967 ஜூன் 1 என்ற அறிவிக்கப்பட்ட தேதியும் உண்டு, பிரிட்டனில் முன்கூட்டியே கடைக்கு வந்த மே 26-உம் உண்டு. நாட்டுக்கு நாடு வெளியீட்டுக் கிழமையே வேறாக இருந்தது: பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய். 2015 ஜூலை 10 முதல்தான் உலகம் முழுக்க வெள்ளி என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முந்தைய தேதி எதற்கும் 'எந்த நாட்டில்' என்ற கேள்வி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

மறைவு நாளிலும் இடம் முக்கியம். ஜான் லெனன் நியூயார்க்கில் சுடப்பட்டது 1980 டிசம்பர் 8 இரவு சுமார் 10.50. அப்போது அவர் பிறந்த லிவர்பூலில் டிசம்பர் 9 அதிகாலை 3.50, இந்தியாவில் அதே 9-ஆம் தேதி காலை 9.20. சம்பவம் நடந்த இடத்தின் தேதியை எழுதுவதுதான் மரபு. ஆனால் அந்தச் செய்தியை உலகில் பாதிப் பேர் கேட்டது 9-ஆம் தேதி.

ஒரே நாளில் இருவர்: அதிசயமா?

எம்.எஸ். விஸ்வநாதனும் கண்ணதாசனும் ஜூன் 24. எல்விஸ் பிரெஸ்லியும் டேவிட் போவியும் ஜனவரி 8. இசைக்குக் காவல் புனிதரான செசிலியாவின் திருநாள் நவம்பர் 22. அன்றே பிறந்தவர் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். இவற்றில் விதியின் கை தெரிகிறது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். கணக்கு அந்த ஆசைக்கு இடம் தராது. 23 பேர் கூடினாலே அதில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். பத்தாயிரம் கலைஞர்களின் பட்டியல் இருந்தால் நாளொன்றுக்குச் சராசரியாக 27 பேர் விழுவார்கள். அதில் பொருத்தமான ஜோடியைப் பொறுக்குவது நாம்தான்.

ஒரு தேதியைச் சோதிக்க

1. பிறந்ததா, ஞானஸ்நானமா என்று பார்க்கவும். 1800-க்கு முந்தைய ஐரோப்பியர் என்றால் கட்டாயம்.
2. ரஷ்யர் என்றால் எந்த நூற்றாண்டில் பிறந்தவர் என்று பார்க்கவும். 12-ஆ, 13-ஆ என்பது அதைப் பொறுத்தது.
3. தேதி ஏதாவது விசேஷ நாளில் போய் அழகாக உட்கார்ந்திருந்தால், ஆம்ஸ்ட்ராங்கின் ஜூலை 4 போல, கொஞ்சம் சந்தேகப்படவும்.
4. தாள் எழுதப்பட்ட நாளைப் பார்க்கவும். எடிசனின் ஆகஸ்ட் 12 இதில்தான் மாட்டியது.

நான்காவதுக்கு இன்னோர் உதாரணம் உண்டு. மொசார்ட்டை அடக்கம் செய்த 1791 டிசம்பர் நாளில் பனியும் மழையுமாகப் புயல் அடித்தது, கூட வந்தவர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தார்கள். இசை வரலாற்றை நாள்வாரியாகத் தொகுத்த நிக்கொலாஸ் ஸ்லொனிம்ஸ்கிக்கு அதில் சந்தேகம் வந்தது. வியன்னா வானிலை ஆய்வு மையத்துக்கு எழுதிக் கேட்டார். டிசம்பர் 6 அன்று வெப்பநிலை சுமார் 3 டிகிரி, மெல்லிய கிழக்குக் காற்று என்று பதில் வந்தது. அதே நகரில் நாட்குறிப்பு எழுதிவந்த சின்சென்டார்ஃப் என்ற பிரபுவும் அன்று இதமான வானிலை, அடிக்கடி மூடுபனி என்றே குறித்திருந்தார். அப்படியானால் புயல் எங்கிருந்து வந்தது? 1856 ஜனவரி 28 அன்று வியன்னா நாளிதழ் ஒன்றில் பெயரில்லாமல் வந்த கட்டுரையிலிருந்து. மொசார்ட்டின் பிறந்தநாள் நூற்றாண்டுக்காக எழுதிய கட்டுரை அது.

ஸ்லொனிம்ஸ்கி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். பிறந்தநாள் 1894 ஏப்ரல் 27. பழைய கணக்கில் ஏப்ரல் 15.